இன்னாடா பாவ்லா காட்டினுகீற?

பாவ்லான்னா பொய் இல்ல. இத மொதல்லயே சொல்லிட்றேன், ஏன்னா எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்திருக்குற தென்காசிப் பக்கத்து தம்பி ஒருத்தர் போன வாரம் டீ குடிக்கிறப்ப "பாவ்லான்னா பொய் சொல்றது தான அண்ணே"ன்னு கேட்டார், நான் இல்லன்னேன், அப்ப நடிப்பான்னார், அதுவும் முழுசா இல்லன்னேன், அப்ப என்னதான்னு கேட்டதும் பக்கத்துல இருந்தவங்க ஆளுக்கொரு அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சு டீ ஆறிப்போச்சு, முடிவுக்கு மட்டும் யாரும் வரல. அதுல இருந்து மண்டைக்குள்ள ஓடிக்கினே இருக்கு, எழுதித் தள்ளிட்டா தூக்கம் வரும்னு உக்காந்துட்டேன்.

வேலூர்ப் பக்கம் இந்த வார்த்தை எங்கல்லாம் வரும்னு பாருங்க. தெரு நாய் ரெண்டு மொறைச்சிக்கிட்டே வருது, நம்ம கையில ஒண்ணும் இல்ல, தரையிலயும் கல்லு இல்ல, ஆனா குனிஞ்சு கல்லு எடுக்குற மாதிரி கைய கீழ வைக்கிறோம், அவ்ளோதான், ரெண்டும் திரும்பிப் பார்க்காம ஓடிடும். அது பாவ்லா. கிரிக்கெட் ஆடறப்ப பந்து கைக்கு வராமயே ஃபீல்டர் ஸ்டம்ப்ப பார்த்து எறியிற மாதிரி கைய சுத்துவான், ரெண்டாவது ரன்னுக்குக் கிளம்பினவன் பாதியில பயந்து திரும்பிடுவான், அதுவும் பாவ்லா. (இதுக்கு இப்ப கிரிக்கெட் சட்டத்துலயே தண்டனை இருக்கு. 2017ல கிரிக்கெட் சட்டம் எழுதற லண்டன் கிளப்பான எம்சிசி கொண்டுவந்த புது விதிப்படி பேட்ஸ்மேன வேணும்னே இப்படி ஏமாத்தினா 5 ரன் பெனால்டி. லார்ட்ஸ்ல உக்காந்துகினு நம்ம தெருப் பசங்களோட பாவ்லாவுக்கு ஃபைன் போட்டிருக்காங்க, பெருமையா இருக்கு.) கபடில ரைடு போறவன் இடது பக்கம் தோள ஆட்டிட்டு வலது பக்கம் கால நீட்றது, ஓனர் கார் சத்தம் கேட்டதும் துணிக்கடைப் பையன் ஏற்கனவே மடிச்சு வெச்ச புடவைய பிரிச்சு மறுபடி மடிக்கிறது, நாளைக்கு பரீட்சைன்னா புக்க விரிச்சு வெச்சுகினு அதே பக்கத்துலயே ஒரு மணி நேரம் உக்காந்திருக்கிறது, இதெல்லாமும் அதே கணக்குதான்.

இது எல்லாத்துலயும் பொதுவா ஒண்ணு இருக்கு. வாயால யாரும் ஒரு வார்த்தை சொல்லல. "நான் கல்லால அடிக்கப் போறேன்"னு நாய்கிட்ட சொன்னாத்தான் பொய், நாம சொல்லலியே, குனிஞ்சோம், மிச்சத்த நாயே யோசிச்சுகிச்சு. உடம்பு ஒரு காரியத்த ஆரம்பிக்கும், முடிக்காது. அதனாலதான் பாவ்லா சொல்றாங்கன்னு யாரும் சொல்றதில்ல, பாவ்லா காட்றாங்கன்னுதான் சொல்றோம். எங்க ஊர்ல ஒவ்வொரு நடிப்புக்கும் தனித்தனி வினைச்சொல் இருக்கு கவனிச்சிருக்கீங்களா, பாவ்லா காட்டுவான், சீன் போடுவான், பீலா விடுவான், உதாரும் விடுவான், பாசாங்கு பண்ணுவான், வேஷம் கட்டுவான், மாத்திச் சொன்னா காதுல இடிக்கும். பீலா காட்றான்னு சொல்லிப் பாருங்க, சின்னப் பசங்க கூட சிரிப்பாங்க, ஏன்னா பீலா வாயில இருந்து வர்றது, அத விடத்தான் முடியும். உதாரும் அப்படித்தான், கையில ஒரு பவரும் இல்லாதவன் "நான் யார் தெரியுமா"ன்னு சத்தம் போட்றது. சீன் வேற ரகம், இருக்குறத விட ஜாஸ்தியா காட்றது, இருக்குற ஒரு செயின சட்டைக்கு மேல எடுத்து விட்டுக்கிறது. பாவ்லாவுக்கு இருக்குறதோ ஜாஸ்தியோ தேவையில்ல, காலி கைதான் மூலதனம்.

சரி, பாசாங்கு. இது புத்தகத்துலயும் பத்திரிகையிலயும் ஜாஸ்தி வர்ற வார்த்தை, பேச்சுல கொஞ்சம் வயசானவங்கதான் சொல்றாங்க. பாவ்லா கை கால்ல நடக்குதுன்னா பாசாங்கு மனசுக்குப் பக்கத்துல நடக்கும். வயித்து வலி இல்லாமலே வலிக்கிற மாதிரி இருக்குறது, கோவம் இருந்தும் இல்லாத மாதிரி இருக்குறது, தெரிஞ்சும் தெரியாத மாதிரி முழிக்கிறது. இந்த வார்த்தையில எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. "நான் இப்ப பாசாங்கு பண்ணிக்கினு இருக்கேன்"னு சொல்லிப் பாருங்க. சொல்ல முடியாது. சொன்ன செகண்டே பாசாங்கு செத்துப்போச்சு. "அன்னிக்கு பாசாங்கு பண்ணேன்"னு பத்து வருஷம் கழிச்சு சிரிச்சுகினே சொல்லலாம், "அவன் பாசாங்கு பண்றான்"னு எப்ப வேணா சொல்லலாம், ஆனா நானும் இப்பவும் சேர்ந்தா வார்த்தை ஓடிடுது. செய்யறவன் வாயில வராத வார்த்தை அது, பார்த்துப் புடிச்சவன் வாயிலதான் வரும். பொய்யும் கிட்டத்தட்ட அப்படித்தான்னாலும் "பொய் சொல்லப் போறேன், மூஞ்ச பாரு"ன்னு ஃப்ரெண்டுகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு ஃபோன எடுத்து மேனேஜர்கிட்ட பேசறவங்கள நான் பார்த்திருக்கேன், பாசாங்குக்கு அந்த வசதி கூட இல்ல.

இதுலயே மோசமான பிராண்ட் மாய்மாலம். கெஞ்சி, கொஞ்சி, அழுது, நம்மகிட்ட இருந்து ஏதாவது கறக்குறதுக்காகப் பண்றது. கிறிஸ்தவங்க ஜாஸ்தி இருக்குற ஊர்ல வளர்ந்தவங்களுக்கு 'மாயக்காரர்'னு பைபிள்ல வர்றதும் பழக்கமா இருக்கும், தெருவுல நின்னு ஊருக்குத் தெரியற மாதிரி ஜெபம் பண்றவங்கள இயேசு திட்ற எடம். ஆனா வீட்ல இந்த வார்த்தை யார் மேல விழுதுன்னு பாருங்க, பெரும்பாலும் பொம்பளைங்க மேலயும் கொழந்தைங்க மேலயும்தான். மாய்மாலக்காரின்னு திட்டி நூறு தடவை கேட்டிருக்கேன், மாய்மாலக்காரன்னு யாராவது யாரையாவது திட்டி சட்டுனு ஞாபகத்துக்கு வரல. ஆம்பளைங்க மாய்மாலம் பண்றதில்லயா என்ன, தேர்தல் நேரத்துல வந்து பாருங்க.

நீலிக்கண்ணீர்னு சொல்றோமே, அந்த நீலி நம்ம பக்கத்து ஆளு, இது நெறைய பேருக்குத் தெரியாது. பழையனூர் நீலி. பழையனூர் திருவாலங்காட்டுக்குப் பக்கத்துல இருக்கு, இன்னிக்கு திருவள்ளூர் மாவட்டம், ஆனா 1911ல சித்தூர் ஜில்லாவ தனியா பிரிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பக்கமெல்லாம் வட ஆற்காடுதான். கதை என்னன்னா, ஒரு வியாபாரி வழியில போறான், பேய் ஒண்ணு அவன் பொண்டாட்டி மாதிரி உருவம் எடுத்து ஒரு கட்டைய கொழந்தையா மாத்தி இடுப்புல வெச்சுகினு பின்னாடியே வருது, அவன் பழையனூர் வேளாளர் எழுபது பேர்கிட்ட போய் காப்பாத்துங்கன்னு நிக்கிறான், இவ "என் புருஷன் என்ன விட்டுட்டு ஓடப் பார்க்குறார்"னு அழுவுறா, கொழந்தையும் அவனப் பார்த்து அப்பாங்குது, எழுபது பேரும் நம்பிட்டாங்க. உன் உயிருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க எழுபது பேரும் உயிர விட்றோம்னு வாக்கு குடுத்து அவனோட கத்தியையும் வாங்கி வெச்சுகினு அவகூட அனுப்பிட்டாங்க. அவன் செத்தான், சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில எறங்கினாங்க. ஏழாம் நூற்றாண்டுல திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்துலயே வஞ்சத்தால உயிர் குடிச்ச ஒருத்திய பத்தி ஒரு வரி வருது, அவ்ளோ பழைய கதை.

ஆனா எல்லாரும் விட்டுட்ற ஒரு பகுதி இருக்கு. போன ஜென்மத்துல அந்த வியாபாரி இவளுக்குப் புருஷனா இருந்து, நகைக்காக இவளக் கொன்னவன். அப்படின்னா ஊர் நடுவுல நின்னு "என் புருஷன் எனக்குத் துரோகம் பண்ணிட்டான்"னு அவ அழுதது எந்த அளவுக்குப் பொய்? கட்டை கொழந்தை பொய், உருவம் பொய், சரி. கண்ணீர்? எனக்கென்னவோ நீலிக்கண்ணீர்னு அந்தப் பொம்பள பேரையே வெச்சுட்டது நியாயமா படல. போன ஜென்மத்துல செத்தவளோட பேர் பழமொழிக்கு வந்துடுச்சு, கொன்னவன் பேர ஒரு பழமொழியிலயும் காணோம்.

இப்ப எனக்கு ரொம்ப புடிச்ச ஐட்டத்துக்கு வர்றேன். கள்ளத்தூக்கம். காட்பாடி தாண்டி குடியாத்தம், பரதராமி பக்கம் போனா தெலுங்கு பேசற வீடு ஜாஸ்தி, அவங்க இத 'தொங்க நித்ர'ம்பாங்க, தொங்கன்னா திருடன், ஆக திருட்டுத் தூக்கம், வார்த்தைக்கு வார்த்தை நம்மளோடதுதான். அவங்க 'தொங்க ஏடுப்பு'ன்னும் சொல்வாங்க, திருட்டு அழுகை. நம்மகிட்ட கள்ளச்சிரிப்பு இருக்கு, கள்ளத்தூக்கம் இருக்கு, கள்ள அழுகைன்னு மட்டும் சொல்ல மாட்டோம், அதுக்குத்தான் நீலிய புடிச்சு வெச்சிருக்கோமே. உருது பேசற ஃப்ரெண்ட்ஸ் இருந்தா 'பஹானே நக்கோ கரோ'ன்னு கேட்டிருப்பீங்க, அது சாக்கு சொல்லாதங்கறது, தூங்கறவன எழுப்பறப்பவும் வரும், கடன திருப்பிக் கேக்கறப்பவும் வரும்.

தூங்கறவன எழுப்பலாம், தூங்கற மாதிரி நடிக்கிறவன எழுப்ப முடியாதுங்கறது எல்லாரும் மேடையில சொல்ற டயலாக். வீட்ல நடைமுறை வேற. கள்ளத்தூக்கம் தூங்கற கொழந்தைய கண்டுபிடிக்க எங்க ஆயா ஒரு வழி வெச்சிருந்தாங்க, கிட்ட போய் சத்தமா "நெஜமா தூங்கற புள்ள கால ஆட்டும்பா"ன்னு சொல்லுவாங்க, நாங்க ஒடனே காலாட்டுவோம். தமிழ்நாடு முழுக்க எல்லா வீட்லயும் இந்த டெக்னிக் இருந்திருக்கும்னு நெனைக்கிறேன், ஆனா எங்க ஆயாதான் கண்டுபுடிச்சாங்கன்னு ரொம்ப நாள் நம்பிக்கினு இருந்தேன்.

இதே காரியத்த சாமி பண்ணா என்ன பேரு? வேலூர்ல இருந்து பெங்களூர் ரோட்ல போனா டோல்கேட் வருதே, பள்ளிகொண்டா, அந்த ஊர் பேரே படுத்துத் தூங்கறதுதான். பாலாத்துக் கரையில ரங்கநாதர் கோயில், உத்தர ரங்கநாதர், ஆதிசேஷன் மேல கண்ண மூடிப் படுத்திருக்கார். ஆனா அவர் தூங்கல. வைஷ்ணவங்க அத அறிதுயில்ம்பாங்க, எல்லாத்தையும் அறிஞ்சுகினே தூங்கற தூக்கம். நம்மாழ்வார் இன்னும் நேரா 'உறங்குவான் போல்'ன்னே சொல்லிட்டார். பாரதத்துலயும் அப்படித்தான், போருக்கு முன்னாடி துரியோதனனும் அர்ஜுனனும் உதவி கேட்டு வர்றப்ப கிருஷ்ணர் படுத்திருக்கார், ஒருத்தன் தலைமாட்ல உக்கார்றான், ஒருத்தன் கால்மாட்ல நிக்கிறான், அவர் 'முழிச்சு' மொதல்ல கால்மாட்ல இருக்கறவனப் பார்க்குறார். சுத்தமான கள்ளத்தூக்கம். ஆனா அந்த வார்த்தைய அங்க போட யாருக்கும் வாய் வராது. ஆள் மாறினா வார்த்தை மாறிடுது.

கள்ளத்தூக்கத்துக்கு நம்ம ஊர் சரித்திரத்துலயே ஒரு பெரிய ராத்திரி இருக்கு. 1806 ஜூலை 9 ராத்திரி, வேலூர் கோட்டை, சிப்பாய்ங்க வெள்ளக்காரனுக்கு எதிரா கிளம்பின ராத்திரி. திப்பு குடும்பத்த கோட்டைக்குள்ளதான் அடைச்சு வெச்சிருந்தாங்க, அப்ப அங்க திப்புவோட பொண்ணு கல்யாணம், ஜன நடமாட்டம் ஜாஸ்தி, அது ஒரு நல்ல சாக்கு. காலையில பரேடு இருக்குன்னு வெளியில குடிசையில தூங்கற சிப்பாய்ங்க நெறைய பேர் அன்னிக்கு உள்ளயே படுத்தாங்க. படுத்தாங்கன்னு வெள்ளக்காரன் நெனச்சான். விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே துப்பாக்கி சத்தம். புதுசா குடுத்த தலைப்பாகை, தாடி எடுக்கணும், நெத்தியில நாமம் விபூதி கூடாதுங்கற உத்தரவுன்னு காரணமெல்லாம் ஸ்கூல் புக்லயே இருக்கு. எனக்கு அதுல தனியா நிக்கிற ஆளு முஸ்தபா பேக். ஜூன்லயே அந்த சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸ்கிட்ட போய் இப்படி ஒரு திட்டம் இருக்குன்னு சொல்லிட்டான். அவர் என்ன பண்ணார், இது நெஜமான்னு விசாரிக்க நம்மாளு ஆபீசருங்களையே உக்கார வெச்சார். அவங்க முகத்த அப்பாவியா வெச்சுகினு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, இவன் சொல்றது சுத்தப் பொய்னுட்டாங்க, சொன்னவன் ஜெயிலுக்குப் போனான். அந்த விசாரணையில உக்காந்திருந்தவங்க பண்ணது பாவ்லாவா பாசாங்கான்னு கேட்டா, பாசாங்குதான், அதுலயும் முதல் தரம். அப்புறம் வெள்ளக்கார கர்னல் கில்லஸ்பி ஆற்காட்ல இருந்து குதிரைப்படையோட வந்து அதே நாள்ல எல்லாத்தையும் அடக்குனது தனி ரத்தக் கதை, இங்க வேணாம்.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் ஒரு பக்கம் தெரிஞ்சு, இன்னொரு பக்கம் தெரியாம நடக்குறது. ரெண்டு பக்கமும் தெரிஞ்சே நடக்குற நடிப்புக்கு தமிழ்ல வார்த்தையே இல்லன்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். அக்கா பொண்ணுங்க விளையாடறத கவனிச்சப்பதான் தெரிஞ்சுது, அதுக்கு வார்த்தை வேணாம், ரெண்டெழுத்தே போதும். "நீ பேஷன்ட்டாம். நான் டாக்டராம். இது ஊசியாம். உனக்கு ஜுரமாம், ரொம்ப கொதிக்குதாம்." (வேலூர்ப் பசங்க வேற என்ன ஆடும், டாக்டர் ஆட்டம்தான்.) இந்த ஆம் இருக்கே, இது நாம சாதாரணமா அடுத்தவங்க சொன்னத சொல்றதுக்குப் போட்றது, அவங்க பையனுக்கு வேலை கெடச்சுடுச்சாம், நாளைக்கு கரன்ட் இருக்காதாம். கதைக்கும் போட்றது, ஒரு ஊர்ல ஒரு ராஜாவாம். கொழந்தைங்க அதையே எடுத்து ஆட்டத்துக்குப் போட்றாங்க. அந்தப் பொண்ணேதான் அந்த நிமிஷம் கற்பனை பண்ணி சொல்றா, ஆனா யாரோ அவகிட்ட சொன்ன மாதிரி, ஊர்ல பேசிக்கிற மாதிரி சொல்றா. "நான் டாக்டர்"னு சொன்னா பொய், "நான் டாக்டர் மாதிரி நடிக்கிறேன்"னு சொன்னா போர், "நான் டாக்டராம்"னா ஆட்டம் ஆரம்பிச்சுடுச்சு, நீயும் உள்ள வான்னு அர்த்தம். எதிர்ல இருக்குற புள்ள ஒரு கேள்வி கேக்காம இருமத் தொடங்கிடும். இத யார் இதுங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க? எந்த ஸ்கூல்லயும் நடத்துனதா தெரியல, ஆனா மூணு வயசுல எல்லாம் கரெக்டா போடுதுங்க. ஆட்டம் நின்னதும் ஆம் போய்டும், "ஏய் நெஜம்மாவே வலிக்குதுடி"ன்னு வந்துடும்.

அதே ஆட்டத்துல ஒப்புக்குச் சப்பாணின்னு ஒருத்தர் இருப்பாங்க பாருங்க, ரொம்ப சின்னது, அத விட்டா அழும், சேர்த்தா ஆட்டம் கெடும், அதனால சேர்த்துக்கினு கணக்குல வெக்காம விட்றது. அவுட் ஆனாலும் அவுட் இல்ல. எல்லாருக்கும் தெரியும், அதுக்கு மட்டும் தெரியாது. ஆபீஸ் மீட்டிங்ல அப்பப்ப நான் யாருன்னு எனக்கு டவுட் வரும்.

ரெண்டு பக்கமும் தெரிஞ்ச நடிப்புல பெருசு எங்க ஜில்லாவோட தெருக்கூத்து. 1989ல ஜில்லா பிரிஞ்சதுல புரிசை, செய்யாறு எல்லாம் திருவண்ணாமலைப் பக்கம் போய்டுச்சு, ஆனா கூத்த பொறுத்தவரைக்கும் எல்லாம் ஒரே வட ஆற்காடுதான். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து. அங்க வேஷம்ங்கற வார்த்தைய திட்றதுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. வீட்ல "வேஷம் போடாத"ன்னா திட்டு, கூத்துல "இந்த வருஷம் துரோபதை வேஷம் யாரு கட்றது"ன்னா மரியாதையான கேள்வி. காலையில ஏர் ஓட்டினவரு, இல்ல ஷூ கம்பெனியில ஷிஃப்ட் முடிச்சவரு, ராத்திரி அரிதாரம் பூசி கிரீடம் வெச்சா அவர்கிட்ட ஊரே கும்புட்டு நிக்கும். அர்ஜுனன் தபசு அன்னிக்கு அவர் பாட்டு பாடிக்கினே அந்த ஒசரமான மரத்து மேல ஏறி எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசறப்ப கொழந்தை இல்லாத பொம்பளைங்க கீழ மடி ஏந்தி நிப்பாங்க. மேல இருக்கறது யாரு, எந்தத் தெரு, யாரோட மச்சான், எல்லாம் அந்தப் பொம்பளைங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஏந்தறாங்க. துகில் உரியற அன்னிக்கு துரோபதை வேஷம் கட்டினவருக்கு கற்பூரம் காட்றதும் அப்படித்தான்.

அதுலயும் விராட பருவம் நடக்கற ராத்திரி எனக்கு தலை சுத்தும். பாண்டவங்க ஒரு வருஷம் ஒளிஞ்சு இருக்கணும், பீமன் சமையல்காரனா போறான், தர்மர் ராஜாகூட சூதாட்ற ஆளா போறார், அர்ஜுனன் பிருகன்னளைன்னு பொம்பள மாதிரி உடுத்திகினு டான்ஸ் கத்துக்குடுக்கப் போறான். ஆக, மளிகைக் கடை வெச்சிருக்கற ஒருத்தர் அர்ஜுனனா வேஷம் கட்டி, அந்த அர்ஜுனன் பிருகன்னளையா வேஷம் போட்டு, மேடையில இருக்கற விராட ராஜாவுக்கு மட்டும் அது தெரியாம, நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சு. நடுவுல கூத்துக் கோமாளி கட்டியக்காரன் வேற வந்து அர்ஜுனன பார்த்து "இன்னா அர்ஜுனா, கடையில எனக்கு எண்ணெய் கம்மியா ஊத்திட்ட"ன்னு மொத்தத்தையும் கலைச்சு விடுவான், ஊர் சிரிக்கும், அடுத்த பாட்டுல மறுபடி அவர் அர்ஜுனன்தான். எத்தனை தடவை கலைச்சாலும் திரும்பக் கட்டிக்கலாம்ங்கற தைரியம் அது. மயானக் கொள்ளைக்கு பாலாத்துக் கரையில காளி வேஷத்துல வர்றவங்ககிட்ட கைக்கொழந்தைய நீட்றாங்களே, அவங்களுக்கும் உள்ள இருக்கறது யாருன்னு தெரியாம இல்ல.

சைவத்துல பாவனைன்னு சொல்றதும் இதுக்குப் பக்கம்தான்னு தோணுது. பாம்பு விஷம் எறக்கற மந்திரவாதி தன்னையே கருடனா நெனச்சுக்குவான், கருட பாவனைன்னு சித்தாந்தத்துல அத உதாரணமாவே சொல்வாங்க. நடிக்கிறதும் பாவனை, தியானம் பண்றதும் பாவனை. (விஷத்துக்கு அடுக்கம்பாறை ஜிஎச் போங்க, பாவனையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.)

இன்னொரு சின்ன வார்த்தை, 'பேருக்கு'. பேருக்கு ரெண்டு வாய் சாப்ட்டேன், பேருக்கு ஒரு நம்பர் போர்டு, பேருக்கு ஒரு ஆறு. வேலூர பத்தி ஒரு பழைய கிண்டல் இருக்கு, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு நீண்டுக்கினே போகும். சாமி இல்லாத குறை மட்டும் 1981ல ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ள லிங்கத்த கொண்டாந்து வெச்சதும் தீர்ந்துது, மத்ததெல்லாம் இன்னும் பேருக்குத்தான் ஓடுது.

கடைசியா 'போல'. 'மாதிரி'க்கு அண்ணன், எங்க பேச்சுல 'மேரி'. எல்லா நடிப்பும் இந்த வார்த்தை மேலதான் நிக்குது, தூங்குற போல, தெரியாத போல, கேக்காத போல. திருவள்ளுவர் கூடாவொழுக்கத்துல புலித்தோல் போர்த்துன மாட்டச் சொல்லி போலிச் சாமியாருங்கள கிழி கிழின்னு கிழிச்சவரு, காமத்துப்பால் வந்ததும் அதே நடிப்புக்கு உருகிட்றார். "ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல் காதலார் கண்ணே உள." யாரோ எவரோ மாதிரி பார்த்துக்கறது லவ் பண்றவங்க கண்ணுலதான் இருக்கும்ங்கறார். காட்பாடி பஸ்ல சாயங்காலம் ஏறிப் பாருங்க, ஒரு பையன் முன்னாடி படியில, ஒரு பொண்ணு லேடீஸ் சீட்ல, ஒருத்தர ஒருத்தர் பார்க்கவே மாட்டாங்க, கண்டக்டர்ல இருந்து கீரைக்காரம்மா வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், ரெண்டு பேரும் ஒரே ஸ்டாப்பிங்ல எறங்குவாங்கன்னு. அது யாருக்கும் தெரியாதுன்னு அந்த ரெண்டு பேர் மட்டும் நெனச்சுகினு இருப்பாங்க.

ஆஸ்பத்திரி ஊர்ல இருக்கறதால இன்னொரு போலவும் நெறைய பார்த்திருக்கேன். ரிப்போர்ட் கையில வாங்கினவங்க வராந்தாவுல ஒரு தூண் ஓரமா நின்னு மொகத்த தொடச்சிக்கினு, உள்ள போய் "ஒண்ணும் இல்லம்மா, சின்னக் கட்டிதான், மாத்திரையில சரியாய்டும்னு சொல்லிட்டாங்க"ங்கறது. கட்டில்ல இருக்கறவங்களும் "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு சிரிப்பாங்க. அவங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் தெரியாத மாதிரி இருக்காங்க. வங்காளத்துல இருந்து, ஜார்க்கண்ட்ல இருந்து வந்து லாட்ஜ்ல ரூம் எடுத்துத் தங்கினு இருக்கறவங்களும் பாஷை வேற, பண்றது இதுவேதான். இத பாசாங்குன்னு சொன்னா நாக்கு வெந்துடும். பாவ்லான்னும் சொல்ல முடியாது, கை காலி இல்ல இங்க. டீக்கடையில அந்த தம்பிக்கு நான் சொல்ல வந்தது இதான்னு நெனைக்கிறேன், எதிராளிக்குத் தெரியுமா தெரியாதாங்கறத வெச்சுத்தான் நம்ம வார்த்தைங்க பிரிஞ்சு நிக்குது, பண்ற காரியத்த வெச்சு இல்ல.

அதனாலதான் இப்ப எல்லாத்துக்கும் ஃபேக்குனு ஒரே வார்த்தைய போட்டு அடிக்கறப்ப எரிச்சலா வருது. ஃபேக் ஐடி, ஃபேக் ஸ்மைல், ஃபேக் பர்சன், ஃபேக்கா தூங்குறான். ஆம்பூர்க்காரன்கிட்ட லெதரையும் ரெக்சினையும் காட்டி ரெண்டும் தோல்தானன்னு சொன்னா எப்படி இருக்கும், அப்படி இருக்கு. கூத்துக்காரரும் ஃபேக், நீலியும் ஃபேக், வராந்தாவுல மொகம் தொடச்சவரும் ஃபேக்கா?

போன ஞாயித்துக்கெழமை கூட அக்கா வீட்ல சின்னவன் தரையில உருண்டு ஒரே அழுகை, கண்ணுல ஒரு பொட்டு தண்ணி இல்ல. பெரியவ ஃபோன்ல இருந்து தலைய தூக்காமயே "மாமா, ஃபேக்கா அழுவுறான், கண்டுக்காதீங்க"ன்னா. உள்ள இருந்து அவங்க ஆயா குரல் மட்டும் வந்துது, "இன்னாடி ஃபேக்கு கீக்குனு, அது மாய்மாலம், ஃபோன் வேணுமாம் தொரைக்கு, குடுத்துத் தொலை."